கையசைவில் இசை: பயிற்சி யாருடைய சொத்து?

கர்நாடக இசைக் கச்சேரிகளில் முன்வரிசை ரசிகர்களின் கைகள் சும்மா இருப்பதில்லை. தட்டும் வீச்சும் விரல் எண்ணிக்கையுமாக அவை தாளத்தைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். அங்கே இசை முன்னே செல்கிறது, கை பின்தொடர்கிறது. இந்த வரிசையை மாற்றி, கை முன்னே செல்ல இசை பின்தொடர வேண்டும் என்ற விருப்பத்துக்கு நூறாண்டு வயதாகிவிட்டது. கையுறை, மோதிரம், கைப்பட்டை என்று உடலில் அணியும் கருவிகளாக அந்த விருப்பம் இன்று விற்பனைக்கு வந்திருக்கிறது.

இவற்றில் இரு வகை உண்டு. முதல் வகை, கேட்பவருக்கானது. 2023-இல் வெளிவந்த ஆப்பிள் கைக்கடிகாரத்தை அணிந்தவர், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இருமுறை தட்டினால் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு நிற்கும். 2025 செப்டம்பரில் மெட்டா நிறுவனம் 799 டாலர் விலையில் அறிமுகப்படுத்திய திறன்மிகு மூக்குக் கண்ணாடியுடன் ஒரு மணிக்கட்டுப் பட்டையும் வருகிறது. விரல்களைக் கிள்ளுவதுபோல் சேர்த்து, இல்லாத திருகு ஒன்றைத் திருப்புவதுபோல் மணிக்கட்டைத் திருப்பினால், பாட்டின் ஒலியளவு கூடும் அல்லது குறையும்.

இரண்டாம் வகை, இசைப்பவருக்கானது. மேடையில் நிற்கும் கலைஞர் கையை உயர்த்தினால் சுருதி ஏறும். முட்டியை மடக்கினால் குரல் பதிவாகும். விரலை விரித்தால் பதிவான குரல் பல அடுக்குகளாகத் திரும்பி வரும். இங்கே கருவி ஒரு வசதிப் பொருளன்று. வயலினைப் போல, புல்லாங்குழலைப் போல, ஆண்டுக்கணக்கில் பழகித் தேர்ச்சி பெற வேண்டிய வாத்தியம் அது.

பல ஆண்டுகள் கல்லூரியில் பொருளியல் கற்பித்த எனக்கு, இக்கருவிகளின் நுட்பத்தைக் காட்டிலும் அவை எழுப்பும் ஒரு கேள்வியே முதன்மையாகப் படுகிறது. ஒரு வாத்தியத்தைப் பழக ஒருவர் தம் வாழ்நாளில் பல்லாயிரம் மணி நேரத்தைச் செலவிடுகிறார். அதைச் செய்யும் நிறுவனம் உற்பத்தியை நிறுத்திவிட்டால், அவர் கைகளில் சேர்ந்திருக்கும் அந்தப் பயிற்சி என்னவாகும்?

இதற்கு விடை காண, கருவிகள் இயங்கும் விதத்தைச் சற்றே தெரிந்துகொள்ள வேண்டும். உடலசைவை அளக்க மூன்று வழிகள் பெரிதும் கையாளப்படுகின்றன. முதலாவது, வளைவை அளப்பது. கையுறையின் விரல் பகுதிகளில் மெல்லிய பட்டை வடிவ உணரிகள் பொருத்தப்பட்டிருக்கும். விரல் மடங்கும்போது பட்டையின் மின்தடை மாறும். அந்த மாற்றத்தைக் கொண்டு விரல் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று கணக்கிடலாம்.

இரண்டாவது, இயக்கத்தை அளப்பது. கைப்பேசியைப் படுக்கவைத்தால் திரையில் உள்ள படமும் திரும்புகிறது அல்லவா? அதற்குக் காரணமான முடுக்கமானியும், சுழற்சியை உணரும் கைரோஸ்கோப்பும் கையுறையிலும் மோதிரத்திலும் இடம்பெறுகின்றன. கை எத்திசையில், எவ்வளவு விரைவாக நகர்கிறது என்பதை அவை சொல்லும். கைப்பேசிகளுக்காகக் கோடிக்கணக்கில் தயாரிக்கப்பட்டதால் இந்த உணரிகளின் விலை வெகுவாகக் குறைந்தது. இசைக் கலைஞர்கள் அந்தப் பெருஞ்சந்தையின் பயனைச் செலவின்றிப் பெற்றார்கள்.

மூன்றாவது, தசையின் மின்சாரத்தை அளப்பது. விரல்களை அசைக்கும் தசைகளில் பல முன்கையில்தான் உள்ளன. மூளையின் கட்டளை நரம்பு வழியே வந்து தசை சுருங்கும்போது எழும் மிகச் சிறிய மின்னழுத்தம் தோலின் மேற்பரப்பிலும் தெரியும். முன்கையிலோ மணிக்கட்டிலோ கட்டிய பட்டையின் மின்முனைகள் அதைப் பதிவு செய்கின்றன. மருத்துவமனைகளில் நரம்பு, தசைக் கோளாறுகளை அறியச் செய்யப்படும் இ.எம்.ஜி. பரிசோதனையின் அடிப்படையும் இதுவே.

மூன்று வழிகளும் தருபவை வெறும் எண்கள். அந்த எண்கள் இசையாவது அடுத்த கட்டத்தில்தான். 'விரல் இவ்வளவு மடங்கினால் இந்த ஒலி இவ்வாறு மாற வேண்டும்' என்ற விதிகளை ஒரு மென்பொருளில் எழுதி வைக்க வேண்டும். வீணையில் தந்தியை இழுத்தால் சுருதி ஏறுவது இயற்பியல். அதை எந்த நிறுவனத்தாலும் மாற்ற இயலாது. கையுறை அணிந்த கையை உயர்த்தினால் சுருதி ஏறுவதோ ஓர் உடன்பாடு. நாளை அதே அசைவு ஒலியைக் குறைக்கலாம், முரசை ஒலிக்கச் செய்யலாம், ஒன்றும் செய்யாமலும் போகலாம். உடன்பாடு எழுதப்பட்டிருக்கும் மென்பொருள் இயங்கும் வரைதான் அந்த வாத்தியத்துக்கு உயிர்.

பழகுவதும் எளிதன்று. அசைவுக்கும் ஒலிக்கும் இடையிலான தாமதம் ஏறத்தாழ 10 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். அந்த நேரத்தில் ஒலி காற்றில் சுமார் மூன்றரை மீட்டர் தூரம்தான் செல்லும். புளூடூத் காதொலிப்பான்களில் தாமதம் 100 மில்லி விநாடியைத் தாண்டுவதும் உண்டு. பாட்டுக் கேட்பவருக்கு அது பொருட்டில்லை. தாளத்தோடு வாசிப்பவருக்கு அது பேரிடர். மேலும், வெற்று வெளியில் கைக்குத் தடையாகத் தந்தியோ தோலோ இல்லை. எங்கே நிற்கிறோம் என்பதை விரலுக்குச் சொல்ல எதுவுமில்லாததால், பயிற்சி கூடுதலாகவே தேவைப்படுகிறது.

அசைவால் இசைக்கும் மின்னணுக் கருவிகளின் மூதாதை தெரமின். 1920 வாக்கில் ரஷ்ய இயற்பியலாளர் லெவ் தெர்மன் உருவாக்கிய இக்கருவியை அணிவதும் இல்லை, தொடுவதும் இல்லை. இரண்டு உலோகக் கம்பிகளுக்கு அருகே கைகளை அசைத்தால், ஒரு கை சுருதியையும் மறு கை ஒலியளவையும் ஆளும். அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1929-இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெருமந்தம் தொடங்கிய ஆண்டு அது. கருவியைப் பழகுவதும் கடினம். சுமார் 500 கருவிகளோடு உற்பத்தி முடிந்தது.

ஆனால், தெரமின் கலை அழியவில்லை. கை எலும்புகளின் பலவீனத்தால் வயலினைக் கைவிட நேர்ந்த கிளாரா ராக்மோர் இக்கருவிக்கென ஒரு விரல் முறையை வகுத்து, அதன் தலைசிறந்த கலைஞரானார். தெரமினின் மின்சுற்று எளிமையானது. அதன் வரைபடங்கள் மின்னணு ஆர்வலர்களுக்கான இதழ்களில் வெளியாயின. அவ்வாறு வெளியான ஒரு வரைபடத்தைப் பார்த்துப் பதின்ம வயதில் தெரமின் செய்தவர்தான், பின்னாளில் சின்தசைசர் உலகில் பெரும்பெயர் பெற்ற ராபர்ட் மூக். 1954-இல் அவரே தெரமின்களைச் செய்து விற்கத் தொடங்கினார். நிறுவனம் கைவிட்ட பிறகும் கருவியை வேறொருவர் செய்ய முடிந்தது. ஆகவே, ராக்மோரின் விரல் முறையை இன்றைய மாணவரும் கற்க முடிகிறது.

அணியும் கருவிகளின் கதை 1980-களில் வேகம் பெற்றது. தாமஸ் சிம்மர்மன் என்ற அமெரிக்கர், கையில் ஏதுமின்றி கிட்டார் வாசிப்பதுபோல் பாவனை செய்தால் உண்மையிலேயே ஒலி எழ வேண்டும் என்று ஆசைப்பட்டு, விரல் வளைவை ஒளியால் அளக்கும் கையுறையை உருவாக்கினார். அந்த வழியில் வந்த தொழில்நுட்பம் 1989-இல் நின்டெண்டோ விளையாட்டுக் கருவிக்கான மலிவான 'பவர் குளோவ்' ஆகச் சந்தைக்கு வந்தது. விளையாட்டுப் பொருளாக அது நெடுநாள் நிலைக்கவில்லை; இசைக் கலைஞர் சிலர் அதைப் பிரித்துத் தம் தேவைக்கு மாற்றிக்கொண்டனர்.

ஐரோப்பாவில் வேறொரு பாதை. ஆம்ஸ்டர்டாமின் ஸ்டைம் என்ற இசை ஆய்வு மையத்தைச் சேர்ந்த மிஷேல் வைஸ்விஸ், 1984-இல் 'தி ஹேண்ட்ஸ்' என்ற கருவியை இரு கைகளிலும் மாட்டிக்கொண்டு மேடையேறினார். 2008-இல் மறையும் வரை அதுவே அவரது வாத்தியம். கருவியை ஓயாமல் மேம்படுத்திக்கொண்டே இருந்தால் ஒருநாளும் வாசிக்கக் கற்க முடியாது என்பதை உணர்ந்து, மாற்றங்களை நிறுத்திவைத்துப் பயிற்சியில் இறங்கியவர் அவர். 1991-இல் லெட்டிஷியா சோனாமி, பாத்திரம் கழுவப் பயன்படும் ரப்பர் கையுறையில் காந்தத்தை உணரும் உணரிகளை ஒட்டித் தம் முதல் கருவியைச் செய்தார். அதன் அடுத்தடுத்த வடிவங்களோடு சுமார் இருபது ஆண்டுகள் அவர் நிகழ்ச்சிகள் நடத்தினார்.

அண்மைக் காலத்தில் பெரிதும் பேசப்படுவது 'மி.மு' கையுறை. பிரிட்டிஷ் பாடகி இமோஜன் ஹீப், பிரிஸ்டல் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர் டாம் மிட்செல் உள்ளிட்ட குழுவினருடன் சேர்ந்து உருவாக்கியது இது. 2014-இல் இணையம் வழியே பொதுமக்களிடம் 2 லட்சம் பவுண்டு நிதி திரட்டும் முயற்சி இலக்கை எட்டவில்லை. 2015-இல் அமெரிக்கப் பாடகி அரியானா கிராண்டே தம் சுற்றுப்பயணத்தில் இதை அணிந்து பாடினார். 2019-இல் ஒரு ஜோடி 2,500 பவுண்டு விலையில் பொது விற்பனைக்கு வந்தது.

இந்த விலைக்குக் காரணம் பேராசை என்று சொல்லிவிட முடியாது. ஒரு மென்பொருளை எழுத ஆகும் செலவு, வாங்குவோர் பத்துப் பேரானாலும் பத்து லட்சம் பேரானாலும் ஏறக்குறைய ஒன்றே. வாங்குவோர் மிகச் சிலராக இருந்தால், அந்த நிலையான செலவு முழுவதும் அவர்கள் தலையில் விழும். விலை ஏறினால் வாங்குவோர் மேலும் குறைவர். சிறிய சந்தையின் இந்தச் சுழலிலிருந்து தப்பிக்க ஒரே வழி, எல்லோருக்கும் விற்பதுபோல் கருவியை வடிவமைப்பது. ஆனால், அதில் வேறோர் ஆபத்து இருக்கிறது.

கனடாவின் தால்மிக் லேப்ஸ் நிறுவனம் 2013-இல் அறிவித்த 'மயோ' கைப்பட்டை அதற்குச் சான்று. எட்டு உணரிகளால் முன்கைத் தசையின் மின்சாரத்தை அளந்த அந்தப் பட்டையின் முன்பதிவு விலை 149 டாலர். அதற்குமுன் இத்தகைய அளவீட்டுக்கு ஆய்வகக் கருவிகள் வேண்டியிருந்தன. இசைக் கலைஞர்களும் ஆய்வாளர்களும் ஆர்வத்துடன் அதை ஏற்றனர். ஆனால், நிறுவனம் எதிர்பார்த்தது இசைக் கலைஞர்களை அன்று. கணினி பயன்படுத்தும் அனைவரையும். அந்தப் பெருஞ்சந்தை வரவில்லை. 2018-இல் விற்பனை நிறுத்தப்பட்டது. நிறுவனம் பெயரை மாற்றித் திறன்மிகு கண்ணாடிகளுக்குத் தாவியது; 2020-இல் கூகுள் அதை வாங்கியது. மயோ தொடர்பான காப்புரிமைகள் வேறொரு நிறுவனத்துக்குப் போய், அந்நிறுவனத்தோடு 2019-இல் ஃபேஸ்புக்கின் கைக்குச் சென்றன. இன்றைய மெட்டா மணிக்கட்டுப் பட்டை அந்த மரபில் வந்ததே.

முதலீட்டாளர்கள், பொறியாளர்கள், காப்புரிமைகள் எனச் சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் அடுத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கணக்கில் வராத முதலீடு ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பட்டையோடு வாசிக்கப் பழகியவர்களின் உழைப்பு.

இதைப் புரிந்துகொள்ளப் பொருளியலில் ஒரு பழைய கருத்து உதவும். கேரி பெக்கர் 1964-இல் வெளியிட்ட 'மனித மூலதனம்' என்ற நூலில், பயிற்சியை இரண்டாகப் பிரித்தார். எங்கு சென்றாலும் பயன்படும் பொதுப் பயிற்சி ஒன்று. ஒரே நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படும் தனிப் பயிற்சி மற்றொன்று. வேலையை விட்டு விலகினால் முதலாவது உடன் வரும். இரண்டாவது அங்கேயே தங்கிவிடும். பெக்கர் பேசியது தொழிலாளர்களைப் பற்றி. வாத்தியத்துக்கும் அது அப்படியே பொருந்துகிறது. வயலின் பயின்றவரின் பயிற்சி பொதுவானது. எவர் செய்த வயலினும் அவர் கையில் பேசும். ஒரு நிறுவனத்தின் கையுறையைப் பயின்றவரின் பயிற்சியோ அந்த நிறுவனத்தின் ஆயுளோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டை அவர் விரும்பி ஏற்கவில்லை. வாங்கும்போது அவர் கண்ணில் படுவது விலைச்சீட்டு மட்டுமே. தாம் செலுத்தப்போகும் பெரிய விலை பின்னர் வரும் பயிற்சிக் காலம் என்பது அச்சீட்டில் இருப்பதில்லை.

என் தலைமுறையினருக்குத் தட்டச்சுப் பயிலகங்கள் நினைவிருக்கும். ரெமிங்டனில் பழகியவர் ஃபேசிட்டிலோ கோத்ரெஜிலோ தேர்வு எழுதலாம். அலுவலகத்தில் எந்தப் பொறி இருந்தாலும் விரல்கள் தடுமாறா. பொறியைச் செய்தவர்கள் பலர். எழுத்துகளின் வரிசை ஒன்று. பின்னாளில் தட்டச்சுப் பொறிகளே மறைந்தபோதும், ஆங்கிலத் தட்டச்சு பயின்ற விரல்கள் கணினி விசைப்பலகையில் சிரமமின்றி அமர்ந்தன. அந்த எழுத்து வரிசை சிறந்ததன்று என்ற விமர்சனம் பொருளியலாளரிடையே உண்டு. சிறந்ததோ இல்லையோ, கோடிக்கணக்கானோரின் பயிற்சியை அது காப்பாற்றியது.

இசைத் துறையிலும் இத்தகைய பொது ஏற்பாடு ஒன்று உண்டு. 1983-இல் போட்டி நிறுவனங்களான அமெரிக்காவின் சீக்வென்ஷியலும் ஜப்பானின் ரோலண்டும் தத்தம் சின்தசைசர்களை ஒரே கம்பியால் இணைத்துக் காட்டின. 'மிடி' எனப்படும் அந்தப் பொது மொழி, எந்த நிறுவனத்தின் விசைப்பலகையும் எந்த நிறுவனத்தின் ஒலிக்கருவியையும் இயக்க வழிசெய்தது. அதற்கு உரிமக் கட்டணம் கேட்கப்படவில்லை. அதற்கு முன்னின்று உழைத்த டேவ் ஸ்மித், இக்குதாரோ காகெஹாஷி இருவருக்கும் 2013-இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது. நாற்பதாண்டுகளுக்கு முந்தைய கருவிகள் இன்றைய கணினியோடு உரையாட முடிவது அந்த முடிவின் பயன்.

ஆனால், மிடி பாதி வழிதான் வருகிறது. கையுறையின் மென்பொருளிலிருந்து ஒலிக்கருவிக்குச் செல்லும் செய்தியை அது பொதுவாக்கியது. கையிலிருந்து மென்பொருளுக்குச் செல்லும் செய்திக்கும், எந்த அசைவு எந்த ஒலி என்ற விதிகளுக்கும் அத்தகைய பொது வடிவம் ஏதும் பரவலாக வேரூன்றவில்லை. கலைஞரின் பயிற்சி குடியிருப்பது அந்தப் பாதியில்தான்.

பெருமூளை வாதத்தோடு வாழும் பிரிட்டன் இசைக் கலைஞர் கிரிஸ் ஹால்பின் மி.மு கையுறைகளை அணிந்து மேடைகளில் இசைத்தவர். கிட்டாரும் விசைப்பலகையும் நாளுக்கு நாள் கடினமாகிவந்த நிலையில், அவரால் இயலும் அசைவுகளுக்கு ஏற்ப விதிகளை எழுதிக்கொள்ள அக்கையுறை இடம் கொடுத்தது. இயற்பியலுக்குக் கட்டுப்பட்ட வாத்தியம் உடலைத் தன் விருப்பப்படி வளைக்கும். உடன்பாட்டால் ஆன வாத்தியத்தை உடலுக்கு ஏற்ப வளைக்கலாம். இந்தத் தொழில்நுட்பத்தின் உயர்ந்த பயன் இதுவே என்பேன். இத்தகையோருக்கு, கருவி நின்றுபோனால் வேறொரு வாத்தியத்துக்கு மாறுவது எளிய தெரிவன்று. ஆகவே, கருவியின் ஆயுள் இவர்களுக்கு வாழ்வுரிமை சார்ந்த கேள்வியாகிறது.

நிறுவனங்களின் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. இடர் ஏற்று முதலீடு செய்பவர் தம் கண்டுபிடிப்பின் பயனை அடைய வேண்டும். மேலும், வளர்ந்துவரும் துறையில் பொதுத் தரத்தை அவசரமாக வகுத்தால், முதிராத ஒரு வடிவமே நிலைத்துவிடக்கூடும். மிடியிலேயே இதற்குப் பாடம் உண்டு. அதில் பல கட்டுப்பாடுகள் 0 முதல் 127 வரையிலான 128 படிகளில் அடங்கும். விசைப்பலகைக்கு அது போதும். தொடர்ந்து வழுக்கிச் செல்லும் கையசைவுக்கு அது கரடுமுரடானது. நுண்ணிய படிகளைக் கொண்ட இரண்டாம் பதிப்பு 2020-இல்தான் வந்தது.

எனவே, எல்லாக் கையுறைகளும் ஒரே வகையில் இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மூன்று எளிய ஏற்பாடுகள் போதும். முதலாவதாக, உற்பத்தியை நிறுத்தும் நிறுவனம், கருவி கணினியோடு பேசும் மொழியின் விவரத்தை வெளியிட வேண்டும். மயோ பட்டையின் புளூடூத் மொழியை அதன் நிறுவனம் விற்பனைக் காலத்திலேயே வெளியிட்டிருந்தது. அதனால்தான் எஞ்சியிருக்கும் பழைய பட்டைகளைப் பிறர் எழுதிய மென்பொருள்களால் இயக்க முடிகிறது. விற்பனை முடிந்த பொருளின் மொழியை வெளியிடுவதால் நிறுவனம் இழப்பது மிகச் சிறிது.

இரண்டாவதாக, கலைஞர் எழுதிய அசைவு விதிகளை அவர் வெளியே எடுத்துச் செல்லக்கூடிய கோப்பாகத் தர வேண்டும். அவை அவரது இசைக் குறிப்புகளுக்கு இணையானவை. மூன்றாவதாக, ஆய்வு நிதியாகவோ மாற்றுத்திறனாளிகளுக்கான உதவியாகவோ பொதுப்பணம் செலவாகும் இடங்களிலாவது, இவ்விரண்டையும் கொள்முதல் நிபந்தனைகளாக்க வேண்டும். சிறிய சந்தையில் பொதுப்பணம் பெரிய வாங்குநர். அதன் நிபந்தனைக்கு வலு அதிகம்.

தம் பிள்ளைக்கு இப்படியொரு கருவியை வாங்க நினைக்கும் பெற்றோரும் விற்பவரிடம் சிலவற்றைக் கேட்கலாம். நிறுவனத்தின் இணையத் தொடர்பு இல்லாமல் இது இயங்குமா? மிடி வழியே பிற கருவிகளோடு இணையுமா? மின்கலம் தேய்ந்தால் மாற்ற முடியுமா? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்காவிட்டால், அது பொழுதுபோக்குக்குப் போதுமானது. பத்தாண்டுப் பயிற்சியை அதில் முதலீடு செய்வது விவேகமாகாது.

காப்புரிமைச் சட்டம் கண்டுபிடித்தவரின் உழைப்பைக் குறிப்பிட்ட காலத்துக்குக் காக்கிறது. வணிகச் சட்டம் முதலீட்டாளரின் பணத்துக்கு வழி சொல்கிறது. பழகியவரின் உழைப்பைக் காக்க மட்டும் எந்த ஏடும் இல்லை. வயலினுக்கு அத்தகைய பாதுகாப்பு ஒருபோதும் தேவைப்பட்டதில்லை; அதன் விதிகளை எவராலும் திரும்பப் பெற முடியாது. விதிகளைத் திரும்பப் பெறக்கூடிய வாத்தியங்கள் இப்போது வந்துவிட்டன. அவற்றைக் கையில் அணியும் முன், அந்த விதிகள் யார் வசம் இருக்கும் என்பதைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).